எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குடல் புழுக்கள் பெருகிவிடுமா?

கேள்வி (தங்கச்சிமடம்): என் மைத்துனர் கடல் தொழில் செய்பவர். எச்.ஐ.வி. இருப்பது அண்மையில் தெரியவந்தது, சி.டி.4 அணுக்கள் (நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுக்கள்) 80 மட்டுமே உள்ளன. பூச்சி மாத்திரை கொடுத்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மணலில் வெறுங்காலோடு நடப்பதால் கொக்கிப்புழுதான் என்றும், எதிர்ப்பு சக்தி குறைந்ததால் அது பெருகிவிட்டது என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். இது சரியா?

மறுமொழி 1: கொக்கிப்புழு உடலுக்குள் பெருகுவதில்லை, ஐயா. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண்ணில் பொரிந்து, அந்த இளம்புழுக்கள் மீண்டும் தோலைத் துளைத்து நுழைந்தால்தான் எண்ணிக்கை கூடும். புழுக்களுக்கு எதிராகச் சி.டி.4 அணுக்கள் இன்டர்லூக்கின் 4, 5, 13 என்னும் சைகைப் புரதங்களைச் சுரந்து, இயோசினோபில் என்னும் வேறுவகை வெள்ளை அணுக்களைத் திரட்டி, குடலில் சளியை மிகுவித்துப் புழுவை வெளியேற்ற முயல்கின்றன. கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா போன்ற ஒரு செல் ஒட்டுண்ணிகளின் கதை வேறு. அவை குடல் செல்களுக்குள்ளேயே பெருகுபவை. சி.டி.4 அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்னும் இன்னொரு சைகைப் புரதமே கிரிப்டோஸ்போரிடியத்தைப் பெரிதும் அடக்கி வைக்கிறது. அணுக்கள் 100-க்குக் கீழே போனபின் நீடிக்கும் வயிற்றுப்போக்கில் நான் முதலில் சந்தேகிப்பது இவற்றைத்தான். புழுக்களிலும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஒரு விதிவிலக்கு. அது உடலுக்குள்ளேயே வாழ்க்கைச் சுழற்சியை முடித்துக்கொண்டு பெருகும்.

மறுமொழி 2 (ஆய்வக நுட்பநர்): வழக்கமான மலப் பரிசோதனையில் இந்த ஒரு செல் ஒட்டுண்ணிகள் எளிதில் தப்பிவிடும். அமிலம் தாங்கும் சாயமிட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெவ்வேறு நாள்களில் எடுத்த மாதிரிகளைக் கொடுங்கள். அந்தச் சாயத்தில் கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவில் சிவந்த வட்டமாகவும், சிஸ்டோஐசோஸ்போரா அதைவிடப் பல மடங்கு பெரிய நீள்வட்டமாகவும் தெரியும். பின்னதற்குக் கோ-டிரைமாக்சசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நன்றாக வேலை செய்கிறது. முன்னதைத் தனியே ஒழிக்கும் உறுதியான மருந்து இல்லை, எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தால் சி.டி.4 உயரும்போதுதான் அது அடங்கும். ஆகவே, வயிறு சரியில்லை என்று ஏ.ஆர்.டி. மருந்தை ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. நாங்கள் மணல் ஊற்றில் இறைத்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து குடிக்கிறோம். அது போதுமா?

மறுமொழி 1: போதாது. குடிநீரில் கலக்கும் அளவுக் குளோரினால் கிரிப்டோஸ்போரிடியம் சாவதில்லை. நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரையே அவருக்குக் கொடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலையும் அந்த நீரிலேயே கரையுங்கள். நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.