அவசரம்: அண்ணன் அனுப்பிய பேப்பரில் கையெழுத்துப் போடலாமா?

கொட்டகலைப் பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். கனடா வந்து முதல் பனிக்காலம் இன்னும் முடியவில்லை. நேற்று இரவு அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு பேப்பர் அனுப்பியிருக்கிறார். அப்பாவுடைய வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு உடனே அனுப்ப வேண்டுமாம். பேப்பர் முழுக்கச் சிங்களம். அப்பா உயில் ஒன்றும் எழுதவில்லை. அம்மா போனில் அழுதுகொண்டே இருக்கிறார். டிக்கெட் போடக் கையில் காசில்லை, வேலையிலும் புரொபேஷன். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ பழசு
ஆழ்ந்த அனுதாபங்கள் தங்கச்சி. நான் வந்த வருஷம் பேஸ்மெண்ட் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, வீட்டுக்காரர் போனையும் எடுக்கமாட்டார். அந்த நேரத்தில்தான் அப்பா போனார். வேலைக்கு லீவு கேட்கவும் பயம். முதலில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள், விட்டமின் டி எடுங்கள். காணி எங்கும் ஓடிப்போகாது.

நல்லூரான்
சீதனம் வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் தேசவழமைச் சட்டப்படி பங்கு கேட்கவே முடியாது. கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பதுளை கிளார்க்
அண்ணே, தேசவழமை வடக்குக்காரருக்கு. கொட்டகலைக்கு எதற்கு அதைக் கொண்டுவருகிறீர்கள்? மலையகத் தமிழருக்கு இலங்கையின் பொதுச் சட்டம்தான். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. சீதனம் வாங்கியதால் பங்கு போய்விடாது, பிரிக்கும்போது அது கணக்கில் வரலாம், அவ்வளவுதான்.

லண்டன் மச்சான்
பேசாமல் சித்தப்பா, மாமா யாருக்காவது அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம்) கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பதுளை கிளார்க்
யாருக்கு, எதற்கு என்று தெரியாமலா? எங்கள் ஆபீசுக்கு வரும் சண்டையில் பாதி அப்படிக் கொடுத்ததில் வந்ததுதான்.

லயத்துப் பையன்
பங்கு பங்கு என்கிறீர்களே, லயத்துக் காம்பராவில், அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், என்ன பங்கு? அது தோட்டத்துச் சொத்து. எங்கள் பாட்டி காலத்திலிருந்து அதே அறையில் இருக்கிறோம், காணிக்கு உறுதிப் பத்திரம் ஒரு துண்டு கிடையாது. 7 பேர்ச் நிலம் கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள், பத்திரம் எங்கே என்று கேட்டால் வரும் என்கிறார்கள்.

வெலிமடை
பத்திரம் வந்தாலும் பெயர் சரியாக இருக்க வேண்டுமே. என் அப்பா பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பெயர். ஈ.பி.எஃப். சேமநிதிக் காசு எடுக்கப் போனபோது மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியதாகிவிட்டது. எழுதிக்கொள்ளும்போது காதில் விழுந்ததைப் போட்டுவிடுவார்கள், அலைவது நாம்.

லயத்துப் பையன்
தேர்தல் லிஸ்டில் மட்டும் பெயர் சரியாக இருக்கும்.

நானுஓயா அக்கா
தம்பிமாரே, கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிள்ளை கேட்டதற்கு வருவோம். தங்கச்சி, அப்பா எப்போது தவறினார்? வீடு லயமா, உறுதிக் காணியா?

கொட்டகலைப் பொண்ணு
ஐயோ அக்கா, அப்பா உயிரோடுதான் இருக்கிறார்! பாரிசவாதம், நுவரெலியா ஆஸ்பத்திரியில். இடது கை வராது, பேச்சு தெளிவாக இருக்கிறது. தலவாக்கலையில் அவர் வாங்கிய காணியில் கட்டிய வீடு, உறுதி அம்மாவிடம் இருக்கிறது. தோட்டத்தில் கொடுத்த 7 பேர்ச்சும் உண்டு, அதற்குக் கடிதம் மட்டும்தான். ஈ.பி.எஃப். காசை வங்கியில் போட்டிருக்கிறார்.

ஸ்கார்பரோ பழசு
அனுதாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்பா நூறு வயசு இருக்கட்டும்.

நானுஓயா அக்கா
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அப்படியானால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா இருக்கும்வரை அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கே இல்லை, இல்லாததை எப்படி எழுதிக்கொடுப்பீர்கள்? அண்ணனுக்குத்தான் வீடு என்று அப்பா நினைத்தால் அவரே எழுதலாம். உயிலோ, அம்மாவுக்கும் தனக்கும் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) வைத்து நன்கொடை உறுதியோ, அது அவர் விருப்பம். உயில், உறுதி எழுதும் நொத்தாரிசு ஆஸ்பத்திரிக்கே வருவார். அப்பா சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது.

லண்டன் மச்சான்
உயிலுக்கு ஐந்து சாட்சி வேண்டும், ஆஸ்பத்திரியில் எங்கே பிடிப்பது?

பதுளை கிளார்க்
நொத்தாரிசு இல்லாவிட்டால்தான் ஐந்து. இருந்தால் இரண்டு போதும், எல்லாரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். பங்கு கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். நொத்தாரிசுக்கு மொழிவாரியாகத்தான் அனுமதி, அதனால் தமிழில் எழுதுகிறவரைப் பிடியுங்கள். அப்பா தான் போடும் கையெழுத்து எதற்கென்று வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.
வங்கிக் காசு வேறு விஷயம். கணக்குக்கு அம்மாவை நாமினியாக நியமனம் பண்ணியிருந்தால் கோர்ட் வாசலுக்குப் போகாமலே அவர் கையில் கிடைக்கும். கிளைக்குப் போன் பண்ணி, யாராவது ஆஸ்பத்திரிக்குப் படிவத்தோடு வருவார்களா என்று கேளுங்கள். அந்த 7 பேர்ச்சை உயிலில் போடுவதற்கு முன் கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் காட்டுங்கள். உறுதி இல்லாத காணியை உயிலில் எழுதி வைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

நானுஓயா அக்கா
பிறகு எப்போதாவது நீங்கள் அற்றோணித் தத்துவம் கொடுக்க வேண்டி வந்தால் டொராண்டோ துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போடலாம், ஊரில் பதிவு செய்யவும் வேண்டும். அப்பா உங்களுக்குக் கொடுத்தால்கூட அது அவர் இருக்கும்வரைதான் செல்லும். அண்ணனிடம் சண்டை போடாமல், "அப்பாவே எழுதட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கொட்டகலைப் பொண்ணு
அப்பாவிடம் பேசினேன். அம்மா காலம்வரை வீடு அம்மாவுக்கு, அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் என்கிறார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நுவரெலியாப் பக்கம் தமிழில் எழுதும் நொத்தாரிசு யாருக்காவது தெரியுமா?

வெலிமடை
இன்பாக்ஸ் பாருங்கள். போகும்போது உறுதியில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.