உதவி: அம்மா போனுக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து ஓயாமல் கால், நிறுத்த வழி உண்டா?

கொட்டாம்பட்டி_85 (இரவு 11.40)
அவசரம். பத்து நாளாக அம்மா போனுக்கு வெளிநாட்டு நம்பர்களிலிருந்து கால் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். நாற்பதுக்கு மேல் பிளாக் செய்துவிட்டேன், பலன் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் அடிக்கிறது. அம்மாவுக்கு பிரஷர் உண்டு, தூக்கமே போய்விட்டது. மொத்தமாக நிறுத்த என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தேனிக்காற்று (இரவு 11.52)
என்ன போன்? சாதாரண காலா, வாட்ஸ்அப் காலா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

நெல்வயல் (இரவு 11.58)
1909-க்கு கால் செய்து டிஎன்டி (விளம்பரக் கால் வேண்டாம் என்ற பதிவு) போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வந்த தொல்லையெல்லாம் அதில்தான் குறைந்தது.

மூத்தகுடி (காலை 6.15)
டிஎன்டி என்பது இந்திய விளம்பரக் கம்பெனிகளுக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வைத்த கட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து அடிப்பவன் அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். இதை இங்கே நான் எத்தனையோ தடவை எழுதியாயிற்று, தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கேட்பவரும் போன் எது, நம்பர் எதில் தொடங்குகிறது என்று எதுவும் சொல்லவில்லை. வைத்தியரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் எந்த இடத்துக்கு மருந்து கொடுப்பார்?

மலைக்கோட்டை_வாசி (காலை 7.02)
+84, +62, +254 என்று வந்தால் வாட்ஸ்அப்தான். 2023 மே மாதம் நாடு முழுக்க இந்தத் தொல்லை இருந்தது. வியட்நாம், இந்தோனேசியா, கென்யா குறியீடுகள். வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஜூனில் வாட்ஸ்அப்பே 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' என்ற வசதியைக் கொடுத்தது. செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று போய் அதைப் போட்டுவிடுங்கள், முடிந்தது.

கொட்டாம்பட்டி_85 (மதியம் 1.20)
மன்னிக்கவும், கடையில் இருந்தேன். ஆண்ட்ராய்டு போன். வாட்ஸ்அப் இல்லை, சாதாரண கால்தான். +216, +373, நடுவில் இரண்டு மூன்று +92. ஒரு ரிங் அடித்து உடனே கட் ஆகிவிடுகிறது.

சிவப்புத்தரை (மதியம் 1.31)
+92 என்றால் பாகிஸ்தான்!! தயவுசெய்து எடுக்காதீர்கள். எடுத்தாலே சிம்மைக் காப்பி எடுத்துவிடுவார்கள், #90 அழுத்தச் சொல்வார்கள், பேங்க் பணம் எல்லாம் போய்விடும். என் மச்சான் அனுப்பிய மெசேஜில் தெளிவாக இருக்கிறது.

மூத்தகுடி (மதியம் 1.44)
அந்த மெசேஜ் பத்து வருஷத்துக்கு மேலாகச் சுற்றுகிறது. காலை எடுத்ததால் மட்டும் சிம் நகலாகாது. இப்படிப் பயமுறுத்தித்தான் வீட்டுப் பெரியவர்கள் போனைத் தொடவே நடுங்குகிறார்கள். மேலும் +92 என்று திரையில் தெரிந்தால் ஆள் அங்கேதான் இருக்கிறான் என்று அர்த்தம் இல்லை. இணையம் வழியாக அடிப்பவன் எந்த நாட்டு நம்பரையும் காட்டலாம்.

சிவப்புத்தரை (மதியம் 1.50)
எல்லாம் தெரிந்ததுபோல் பேச வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு எண்பதாயிரம் போயிருக்கிறது.

தேனிக்காற்று (மதியம் 2.05)
அவருக்கு எப்படிப் போனது என்று விசாரித்தீர்களா? ஓடிபி சொல்லியிருப்பார், அல்லது அவர்கள் சொன்னதைக் கேட்டு கால்களை வேறு போனுக்குத் திருப்பிவிடும் (ஃபார்வேர்டிங்) குறியீட்டை டயல் செய்திருப்பார். அதைச் செய்தால் நமக்கு வரும் கால் எல்லாம் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடும், ஓடிபி கால் உட்பட. சந்தேகம் இருப்பவர்கள் ##002# போட்டால் ஃபார்வேர்டிங் எல்லாம் ரத்தாகும். சும்மா எடுத்துப் பேசியதால் பணம் போகாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

கொட்டாம்பட்டி, ஒரு ரிங், +216 (துனிசியா), +373 (மால்டோவா) என்கிறீர்களே, இது மிஸ்டு கால் மோசடி. ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர் 'வன்கிரி', ஒரு ரிங் அடித்து வெட்டுவது. யாரோ நம்மவர்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நாம் திருப்பி அடிக்க வேண்டும், அதுதான் அவர்களுக்கு வேண்டியது. அந்த நம்பருக்கு நிமிஷக் கட்டணம் அதிகம், அதில் ஒரு பங்கு நம்பர் வைத்திருப்பவனுக்குப் போகும். திருப்பி அடித்ததும் பாட்டு ஓடும், அல்லது ரிங் சத்தத்தையே பதிவுசெய்து ஓட்டுவார்கள். அந்தப் பக்கம் இன்னும் எடுக்கவில்லை என்று நாம் காத்திருப்போம், அங்கே மீட்டர் ஓடும். ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள், அம்மா திருப்பிக் கூப்பிட்டார்களா?

மலைக்கோட்டை_வாசி (மதியம் 2.20)
யார் அடிக்கிறார்கள் என்று பெயர் காட்டும் ட்ரூகாலர் ஆப் போடுங்கள். ஒரு நாட்டுக் குறியீட்டையே மொத்தமாகத் தடுக்கலாம்.

நெல்வயல் (மதியம் 2.41)
நம் போனில் உள்ளவர்களின் நம்பரையெல்லாம் ஒரு ஆப் பார்க்க நாமே அனுமதி கொடுப்பதா? என் பெயரை யாரோ 'பால்காரர் வீடு' என்று சேமித்ததை ஊரே பார்க்கிறது. நான் யாரிடமும் சம்மதம் சொல்லவில்லையே.

மலைக்கோட்டை_வாசி (மதியம் 2.50)
பெயர் வேண்டாம் என்றால் அவர்கள் தளத்திலேயே நம்பரை நீக்கிக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் அம்மாவுக்கு இப்போது தனியுரிமை பாடமா தேவை?

நெல்வயல் (மதியம் 3.02)
தேவைதான். நீக்கிக்கொள் என்று சொல்லும் பாரத்தை ஏன் என் தலையில் வைக்கிறீர்கள்?

மூத்தகுடி (மதியம் 3.15)
இருவரும் தனி இழை திறந்து பேசுங்கள். கால் பாரிங்கில் வெளிநாட்டுக் காலை அடைத்துவிடலாமே என்று அடுத்து யாராவது வருவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். நாமே போனில் போடும் குறியீடுகளில் உள்ளே வரும் காலுக்கு இரண்டுதான்: 35 எல்லாக் காலையும் அடைக்கும், 351 ரோமிங்கில் இருக்கும்போது அடைக்கும். 331 என்பது இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் காலை அடைக்க. போனில் உள்ள 'பிளாக் அன்நோன்' பெரும்பாலும் நம்பரே காட்டாத காலுக்கு மட்டும்தான்.

கொட்டாம்பட்டி_85 (இரவு 9.10)
அம்மாவிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார்கள். அப்புறம் அழுதுவிட்டார்கள். இரண்டு தடவை திருப்பி அடித்திருக்கிறார்கள், டாப்அப்பில் எண்பது ரூபாய் போல் போயிருக்கிறது. தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். அங்கே வாட்ஸ்அப் காலில் பேச முடியாது, நேராக அடிப்பான், சில நாள் ரூம்காரர் போனிலிருந்தும் அடிப்பான். ப்ளஸ் போட்டு எது வந்தாலும் தம்பியாக இருக்குமோ என்று எழுந்துவிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டு நம்பரை மொத்தமாக அடைத்தால் அவன் காலும் நின்றுவிடுமே?

தேனிக்காற்று (இரவு 9.34)
அம்மாவைத் திட்டாதீர்கள். மோசடிக்காரன் கணக்குப் போடுவதே அந்தத் தவிப்பை வைத்துத்தான்.

இன்றைக்கே இதைச் செய்யுங்கள். தம்பி நம்பர், ரூம்காரர்கள் நம்பர் எல்லாவற்றையும் +971 சேர்த்து அம்மா போனில் சேமியுங்கள். அப்புறம் 'டூ நாட் டிஸ்டர்ப்' போய், காண்டாக்ட்ஸில் உள்ளவர்கள் கால் மட்டும் ஒலிக்கட்டும் என்று வையுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை தானாகவே ஓடும்படி நேரம் குறித்துவிடலாம். மற்ற கால் வரும், ஆனால் சத்தம் வராது. தம்பி காலுக்கு மட்டும் தனி ரிங்டோன் வைத்தால் அம்மாவுக்குக் கேட்டதும் தெரிந்துவிடும். மூத்தகுடி சொன்ன 331-ஐயும் போட்டுவிடுங்கள், திருப்பி அடித்தாலும் போகாது. அம்மா தம்பிக்கு அடிப்பதில்லை என்றால் மட்டும் இது சரி.

மூத்தகுடி (இரவு 9.50)
331-க்குப் பாரிங் பாஸ்வேர்ட் கேட்கும், கஸ்டமர் கேரில் வாங்க வேண்டும். அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் இந்த நம்பர்களைப் புகார் செய்யுங்கள், முப்பது நாளுக்குள் வந்த கால்களைத்தான் ஏற்பார்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

ஆடிக்காற்று_தஞ்சை (மறுநாள் காலை 10.05)
எனக்கும் இதே தொல்லை, ஆனால் ஐபோன். அதில் எப்படி?

மலைக்கோட்டை_வாசி (காலை 10.30)
செட்டிங்ஸில் தெரியாத நம்பர் காலைச் சைலன்ஸ் செய்யும் வசதி இருக்கிறது. போட்டால் கூரியர்காரர் காலும் ஒலிக்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டாம்பட்டி_85 (மூன்று நாள் கழித்து, காலை 7.25)
நம்பர்களைச் சேமித்து நேரமும் வைத்துவிட்டேன். மிஸ்டு கால் பட்டியலில் இன்னும் வருகிறது, சத்தம் இல்லை. நேற்று ராத்திரி தம்பி ரூம்காரர் போனிலிருந்து அடித்தான், ஒலித்தது. அம்மா ஆறு மணி வரை தூங்கினார்கள். நன்றி.