போஸ்ட்டாக் காலத்தில் பாடம் நடத்தப் பழகினால் ஆய்வு கெடுமா?

நுண்நோக்கி (இழையைத் தொடங்கியவர்):
வணக்கம். முனைவர் பட்டம் முடித்து மூன்று மாதம் ஆகிறது. கையில் இரண்டு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, முழு நேர ஆய்வு. இன்னொன்று ஐராக்டா மாதிரியிலான கூட்டுப் பயிற்சி. மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்.-இன் கீழ் உள்ள என்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற நிறுவனம் 1999-இல் தொடங்கிய திட்டம் ஐராக்டா. முக்கால் பங்கு நேரம் லேப், கால் பங்கு இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி. வகுப்பு நடப்பது வேறொரு கல்லூரியில், அங்குள்ள ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில். எனக்கு ஆய்வும் வேண்டும், பாடம் நடத்தவும் ஆசை. ஆனால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருவியல்காரன்:
முழு நேர ஆய்வை எடுங்க தம்பி. பாடம் நடத்துறது மட்டம்னு நினைச்சு சொல்லல. நான் பட்டதைச் சொல்றேன்.

எனக்கு வேலை எலிக்கருவில். சினையாகி 14 நாளும் அரையும் ஆன கருதான் வேணும். மூளைப் புறணியில் நரம்பணுக்கள் மும்முரமா உருவாகுற கட்டம் அது. ஒரு நாள் தள்ளிப்போனா அந்த சினையை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு பருவத்துல செவ்வாய், வியாழன் காலைல வகுப்பு ஒத்துக்கிட்டேன். மரபணு மாற்றிய எலிகள்ல ரொம்ப நாள் கழிச்சு சரியான ஜோடி சேர்ந்து சினையாச்சு. எண்ணிப் பார்த்தா அந்த நாள் வியாழன். அன்னிக்கு மாணவர்களுக்கு இடைத்தேர்வு. வகுப்புக்குத்தான் போனேன். அடுத்த சரியான சினைக்கு இன்னும் அஞ்சு வாரம் ஆச்சு.

கால் பங்குங்கறது தாள்ல இருக்குற கணக்கு. ஒரு மணி நேர வகுப்பைப் புதுசா தயார் பண்ண ஒரு நாள் முழுசா போகும். அப்புறம் விடைத்தாள், கதவைத் தட்டுற மாணவர்கள். பருவம் நடக்கும்போது அது பாதியாயிடும். இன்னொரு பக்கம் கடிகாரம் ஓடிட்டே இருக்கு. கே99 மாதிரி சுதந்திர ஆய்வாளராகுறதுக்கான நிதிக்கு விண்ணப்பிக்க, பொதுவா போஸ்ட்டாக் அனுபவம் நாலு வருஷத்தைத் தாண்டக்கூடாது. நீங்க வகுப்புல இருந்த நாளை அதுல யாரும் கழிச்சுத் தரமாட்டாங்க.

வெண்பலகை:
நான் மறு கரையில் இருந்து பேசுகிறேன். இளநிலைக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் நடத்துகிறேன். ஆறு வருடம் போஸ்ட்டாக், நல்ல பேப்பர்கள், பாடம் நடத்திய அனுபவம் சுத்தமாக இல்லை. அப்படித்தான் வேலைக்கு வந்தேன்.

முதல் பருவத்தில் நரம்பணுவின் மின்னழுத்தத்தை மூன்று வகுப்பு நடத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தேர்வில் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடினால் ஓய்வுநிலை மின்னழுத்தம் என்ன ஆகும்? பாதிக்கு மேல் தவறாக எழுதியிருந்தார்கள். வெளியே நேர்மின் அயனி கூடுகிறது, ஆகவே உள்ளே எதிர்மின் இன்னும் அதிகமாகும் என்று. பொட்டாசியம் வெளியே கசிவதால்தான் உள்ளே எதிர்மின் நிற்கிறது, வெளியே அது கூடினால் கசிவு குறையும், மின்னழுத்தம் சுழியை நோக்கி நகரும் என்பது அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. நான் சமன்பாட்டை எழுதிவிட்டு நகர்ந்திருந்தேன். முதல் வகுப்பிலேயே அந்தக் கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டிருந்தால் பத்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்படிச் செய்யலாம் என்பதுகூட எனக்குத் தெரியாது. அறுபது பிள்ளைகளின் ஒரு பருவம் போய்விட்டது. அது இன்றும் உறுத்துகிறது.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. ஸ்காட் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் கற்பித்தல் முறைகள் பற்றிய 225 ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீத மாணவர்கள் தோற்றார்கள். மாணவர்களை ஈடுபடுத்தி நடத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம்.

கருவியல்காரன்:
வெண்பலகை மேடம், நீங்க சொல்றதை மறுக்கல. ஆனா அந்த எண்கள் நல்லா நடத்தினா மாணவருக்கு நல்லதுன்னுதான் சொல்லுது. போஸ்ட்டாக் மூணு வருஷத்துல கால் பங்கை அதுக்குக் கொடுக்கணும்னு சொல்லல. வேலைக்குச் சேர்ந்த பிறகு ரெண்டு மூணு நாள் பயிலரங்கு வெச்சா போதாதா?

ஜெல்பெட்டி:
போதாது. அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். டயான் எபர்ட்-மே என்ற ஆய்வாளரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. பயிலரங்கில் கலந்துகொண்ட பேராசிரியர்களில் 89 சதவீதம் பேர் தங்கள் நடத்தும் முறையை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். வகுப்பைப் படம்பிடித்துப் பார்த்தால் 75 சதவீதம் பேர் பழையபடி விரிவுரைதான். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பழக்கம் ஊறிப்போன பிறகு மாற்றுவது அவ்வளவு கடினம். அதனால்தான் ஊறுவதற்கு முன்னால், போஸ்ட்டாக் கட்டத்திலேயே பழக வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. பாடம் நடத்தினால் ஆய்வு கெடும் என்றே எல்லோரும் பேசுகிறோம். எனக்கு நேர் எதிராக நடந்தது. கூட்டுப் பயிற்சியில் இரண்டாம் வருடம், என்னுடைய வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) படத்தையே வகுப்பில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: “அந்தப் பட்டை நீங்கள் சொல்லும் புரதம்தான் என்று எப்படித் தெரியும்?” எடை சரியாக இருக்கிறதே என்றேன். “அதே எடையில் வேறு புரதம் இருக்காதா?” என்றாள். அந்தப் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ஆன்டிபாடியை லேபில் வருடக்கணக்காக எல்லோரும் பயன்படுத்தினோம். அந்த மரபணுவையே நீக்கிய செல்லில் ஒருத்தரும் சோதித்ததில்லை. திரும்பி வந்து சோதித்தேன். புரதமே இல்லாத செல்லிலும் பட்டை அதே இடத்தில் நின்றது. எட்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். அவள் கேட்காமல் இருந்திருந்தால் தவறான பேப்பர் ஒன்று என் பெயரில் வெளியாகியிருக்கும்.

டேவிட் ஃபெல்டன் குழு 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். ஆய்வோடு பாடமும் நடத்திய முதுநிலை ஆய்வு மாணவர்கள், ஆய்வு மட்டுமே செய்தவர்களைவிட, சோதிக்கத்தக்க கருதுகோளை உருவாக்குவதிலும் சோதனையை வடிவமைப்பதிலும் அதிகம் தேறியிருந்தார்கள்.

கருவியல்காரன்:
ஆன்டிபாடி கதை மனசுல நிக்குது. எங்க லேப்லயும் அப்படி ரெண்டு இருக்கு, நாளைக்கே எடுத்துப் பார்க்கணும்.

ஆனா ஃபெல்டன் பார்த்தது போஸ்ட்டாக்கை இல்ல, பட்டம் முடிக்காத மாணவர்களை. மதிப்பிட்டது அவங்க எழுதின ஆய்வுத் திட்டங்களை. பேப்பர் எண்ணிக்கையை இல்ல. வேலைக்கு எடுக்குற குழு எதைப் பார்க்கும்னு நமக்கெல்லாம் தெரியும்.

என் பெரிய கவலை வேற. சம்பளம் யாரு தர்றாங்க? ஐராக்டால சம்பளம் பயிற்சி நிதியிலிருந்து வந்துச்சு, அதனால லேப் தலைவரால கால் பங்கை விட்டுத்தர முடிஞ்சுது. மத்த இடத்துல சம்பளம் அவரோட ஆய்வு நிதியில் இருந்து. அங்க ‘பயிற்சி’ன்னு சொல்லி, ஆள் பத்தாத வகுப்பை போஸ்ட்டாக் தலையில கட்டிடுறாங்க. ஒரு இடத்துல எனக்கே நடந்தது. பாடத்திட்டத்தைக் கையில கொடுத்துட்டுப் போனவர் பருவம் முடியுற வரைக்கும் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கல.

வெண்பலகை:
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நீங்கள் பட்டது பயிற்சியே இல்லை. அந்த வியாழக்கிழமை இடைத்தேர்வை நடத்த, கூட ஒரு ஆசிரியர் இருந்திருக்க வேண்டாமா? அவர் இருந்திருந்தால் நீங்கள் எலியிடம் போயிருப்பீர்கள்.

ஒழுங்கான திட்டத்தில் முதல் வருடம் முழு வகுப்பைத் தரமாட்டார்கள். மற்றவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது, ஒரு பகுதியை மட்டும் வடிவமைத்து நடத்துவது, வழிகாட்டி பின்னால் இருந்து குறிப்பெடுத்து அன்றே பேசுவது. பிறகு சேர்ந்து ஒரு பாடம். தனியாக நடத்துவது கடைசியில். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ‘ஃபர்ஸ்ட்’ என்ற போஸ்ட்டாக் பயிற்சித் திட்டம் 2000-இலிருந்து மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் போன்ற அட்லாண்டா கல்லூரிகளோடு சேர்ந்து இப்படித்தான் பழக்கியது. இரண்டு பக்கமும் லாபம். கறுப்பின மாணவர்களுக்காக உருவான அந்தக் கல்லூரிகளின் வகுப்பறைக்கு, அன்று காலை லேபில் நடந்ததைச் சொல்லக்கூடிய ஒருவர் வருகிறார்.

கருவியல்காரன்:
சரி. கூட ஒருத்தர் இருந்திருந்தா என் கதையே வேற, ஒத்துக்கறேன். அப்போ என் வாதத்தை இப்படி மாத்திக்கறேன்: நேரத்தை எழுத்துல தராத இடத்துக்குப் போகாதீங்க தம்பி. வாய்ச்சொல்லை நம்பாதீங்க. முதல் பேப்பர் திருத்தம் வந்ததும் கால் பங்கு காணாமப் போயிடும்.

நுண்நோக்கி:
எல்லோருக்கும் நன்றி. ஜெல்பெட்டி சொன்னதைப் படித்ததும் என் ஆன்டிபாடிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நேற்று கூட்டுப் பயிற்சியின் லேப் தலைவருக்கு எழுதினேன். வாரத்தில் எந்த நாட்கள் நான் லேபில் இருக்கமாட்டேன் என்பதை இப்போதே எழுதித் தர முடியுமா, வகுப்பு நாளில் சோதனை தவிர்க்க முடியாமல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். காலையில் பதில் வந்தது. பருவம் நடக்கும்போது புதன் முழு நாளும் வெள்ளி மதியமும், சோதனைக்கு லேப் டெக்னீஷியன், வகுப்புக்கு வழிகாட்டி ஆசிரியர். மனம் அந்தப் பக்கம் சாய்கிறது.

கருவியல்காரன்:
நல்ல பதில்தான். விடைத்தாள் திருத்துறது அந்த ஒன்றரை நாளுக்குள்ள அடங்குமான்னு மட்டும் இன்னொரு மெயில் போட்டுக் கேளுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால.