இருபது முறை தொட்டுப் பார்க்கிறேன்: மரண பயத்துக்குச் சிகிச்சை உண்டா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வயது 51. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி பழகிவிட்டது. இரவுதான் பழகவில்லை. டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடத்தை, ஃபிஸ்டுலாவைத் தொடுகிறேன், ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறது. கண்ணை மூடியதும் நின்றுவிட்டதோ என்று மறுபடியும் தொடுகிறேன். விடிவதற்குள் இருபது முறையாவது. போன மாதம் பக்கத்துக் கட்டில்காரர் வரவில்லை. அங்கே வேறொருவர் படுத்திருந்தார். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் இது முற்றியது. வீட்டில் சாவு என்று வாயெடுத்தாலே மனைவி, "நல்ல வார்த்தை பேசுங்கள்" என்று அழுகிறாள். இந்தப் பயம் உண்மையானதுதானே? உண்மைக்கு என்ன சிகிச்சை?

மனநல ஆலோசகர், அஸ்தம்பட்டி:
அண்ணா, சாவு வராது என்று எந்தச் சிகிச்சையும் சொல்லாது, சொன்னால் நம்பாதீர்கள். பயம் உங்கள் தூக்கத்தைத் தின்பதைக் குறைக்கலாம். எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் முதலில் அந்தத் தொடுதலைத்தான் எடுத்துக்கொள்வோம். தொட்டதும் சில நிமிடம் நிம்மதி; அந்த நிம்மதியே அடுத்த முறையும் தொடச் சொல்கிறது. டாக்டர் சொன்ன நேரத்துச் சோதனையை விடவே கூடாது. மற்றதை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தள்ளிப்போடப் பழக்குவோம். தூக்கமின்மை சிறுநீரகக் கோளாறாலும் வரும், டயாலிசிஸ் டாக்டரிடமும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, நள்ளிரவிலும் பேசலாம்.

ஏற்காட்டு அக்கா:
தம்பி, எனக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் சிகிச்சைக்கு வருகிறேன். கனடாவின் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய கண்ணியச் சிகிச்சையைப் பற்றி ஒரு செவிலியர் சொன்னார். வாழ்வில் எது முக்கியம், பிள்ளைகள் எதை அறிய வேண்டும் என்று கேட்டு, நாம் சொல்வதைப் பதிவுசெய்து, எழுதித் திருத்தி, குடும்பத்திடம் கொடுப்பார்கள். 2011இல் வந்த ஆய்வில் மனத்துயர் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனாலும் உதவியது என்று நோயாளிகள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான். முறையான ஆள் கிடைக்கவில்லை, மகள்தான் கைப்பேசியில் பதிவுசெய்தாள். மிளகு பறிக்க ஏணியில் ஏறிய முதல் நாளைச் சொன்னேன். பயம் போகவில்லை. ஆனால் இப்போது அவளுக்கும் அது தெரியும். தனியாகச் சுமக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
இன்று செவிலியரிடம் கேட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் இறந்துவிட்டார். தாகத்துக்கு வாயில் அடக்கிக்கொள்ள எனக்கும் ஒரு கிராம்பு கொண்டுவருவார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. "அவர் பெயர் என்ன?" என்று கேட்டாள். திங்கட்கிழமை மனநலப் பிரிவுக்கு இருவரும் போகிறோம்.