விண்டோஸ் 11 இருக்கிற லப்டொப்பில் லினக்ஸ் மின்ட்டும் போட வேண்டும், பென் டிரைவ் தயார் செய்வதில் சந்தேகம்

களுவாஞ்சிகுடியான்:

வணக்கம். வந்தாறுமூலை கம்பஸில் இரண்டாம் வருடம், வீடு களுவாஞ்சிகுடி. இந்த செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு லினக்ஸ் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருப்பது டெல் லப்டொப், ஐ5 பத்தாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். இதில்தான் தங்கச்சி ஏஎல் சூம் வகுப்பும் பார்க்கிறாள், அவளுடைய நோட்ஸ் முழுக்க சி டிரைவில் கிடக்கிறது, ஆகவே விண்டோசுக்கு ஒன்றும் நடக்கக் கூடாது.

டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு, இரண்டையும் ஒன்றாகப் போட ஏலாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோசையும் புதிதாக அடிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார்கள். உண்மையா?

லினக்ஸ் மின்ட் 22 ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டோல் ஃபைலை, இரவுக் கோட்டாவில் இறக்கி வைத்திருக்கிறேன், 3 ஜிபிக்குக் கிட்ட. 16 ஜிபி பென் ஒன்றும் இருக்கிறது. அதைப் பென்னில் எழுதுகிற ரூஃபஸ் மென்பொருளைத் திறந்தால், டிஸ்க் பிரிவு முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கிறது, ஸ்டார்ட் கொடுத்தால் ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று இன்னொரு பெட்டி வருகிறது, அதோடு நிறுத்திவிட்டேன். ஹொஸ்டலில் ஒருவனிடம் பழைய உபுண்டு 20.04 பென் இருந்தது, அதைச் செருகிப் பார்த்தால் எஸ்பிஏடி என்று ஏதோ ஒரு வரியும் செக்யூரிட்டி பொலிசி வயலேஷன் என்றும் காட்டிவிட்டு மெஷின் தானாகவே ஓஃப் ஆகிறது. லப்டொப்பில் ஏதும் பழுதா?

கல்லடிப்பாலம்:

தம்பி, லப்டொப்பில் ஒரு பழுதும் இல்லை. 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய லினக்ஸ் பூட் கோப்புகளை செக்யூர் பூட் (நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடுகிற பாதுகாப்பு) ஏற்காதபடி செய்துவிட்டது, கையிலிருந்து கைக்கு மாறிவரும் பழைய பென்கள் எல்லாம் அன்றிலிருந்து இப்படித்தான் முரண்டு பிடிக்கின்றன. புது ஐஎஸ்ஓ என்றால் அந்தப் பிரச்சினை வராது, செக்யூர் பூட்டை ஓஃப் பண்ணத் தேவையும் இல்லை. கடையில் சொன்னதும் பிழை. யூஇஎஃப்ஐ என்கிற புது வகைப் பயோஸ் உள்ள மெஷினில் இஎஃப்ஐ என்று சின்னப் பிரிவு ஒன்று இருக்கும், விண்டோசும் லினக்சும் அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும், ஒன்றை ஒன்று அழிக்காது. அழிப்பது நாம் தவறான பட்டனை அமுக்கினால்தான்.

பென்னைக் கொஞ்சம் ஒதுக்கி வை. பென் எழுதுவது பத்து நிமிட வேலை, அது பிழைத்தால் திரும்ப எழுதலாம். விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பயோசைத் தொட்டால்தான் தங்கச்சியின் நோட்ஸ் உள்ளே பூட்டுப்படும். செட்டிங்சில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கிறதா பார். ஹோம் எடிஷனில் டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லொக்கர் இல்லை என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் மைக்ரோசொஃப்ட் கணக்கில் லொகின் ஆன லப்டொப்களில் அதே பூட்டு இந்தப் பெயரில் தானாகவே விழுந்திருக்கும். செக்யூர் பூட்டையோ டிஸ்க் மோடையோ மாற்றினால் அடுத்த முறை நீலத் திரையில் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அந்தக் கீ உன்னுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் டிவைசஸ் பகுதியில் கிடக்கும், அதை எடுத்து ஒரு கொப்பியில் எழுதி வை, அதே லப்டொப்பில் சேமித்து வைக்காதே. எழுதின பிறகு என்கிரிப்ஷனை ஓஃப் பண்ணு. உடனே முடியாது, பின்னணியில் முழு டிஸ்க்கையும் திறந்துகொண்டிருக்கும், முடியும்வரை விடு. விருப்பமென்றால் எல்லா வேலையும் முடிந்து திரும்பப் போடலாம்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்சுக்குள் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற இடத்தில் இருக்கிறது, அதை எடுத்துவிடு. அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்சிலிருந்து அந்த விண்டோஸ் பிரிவில் ஒன்றும் எழுத முடியாது. பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மனேஜ்மென்ட், சி டிரைவில் ஷ்ரிங்க் வொலியூம். 512 என்று வாங்கினது அங்கே 476 அளவில்தான் காட்டும், பயப்படாதே. லினக்சுக்கு ஒரு 80 ஜிபி வெட்டினால் உன் பாடத்துக்குத் தாராளம். வெட்டின இடத்தை அன்அலொகேட்டட் என்றே விடு, அதற்கு ஈ, எஃப் என்று எழுத்துக் கொடுத்து ஃபோர்மட் பண்ணிவிடாதே. நிறைய இடம் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் வெட்டலாம் என்று சொன்னால், பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் மாதிரி நகராத கோப்புகள் நடுவில் குந்திக்கொண்டிருக்கின்றன, அவற்றைத் தற்காலிகமாக ஓஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு வெட்டிப் பார்.

இப்போது பென். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திற, பயோஸ் மோட் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் ரூஃபஸில் ஜிபிடி. உன் மெஷின் நிச்சயம் அதுதான். பயோஸ் மோட் லெகசி என்று வருகிற பழைய மெஷின்களுக்குத்தான் எம்பிஆர். ஐஎஸ்ஓ மோட், டிடி மோட் கேள்விக்கு முதலில் ஐஎஸ்ஓ, ரூஃபசே அதைத்தான் பரிந்துரைக்கும். அதில் பூட் ஆகவில்லை என்றால் மட்டும் டிடி. டிடியில் எழுதின பிறகு விண்டோசில் பென் சின்னதாகவோ ஃபோர்மட் பண்ணச் சொல்லியோ காட்டும், அதைப் பார்த்து பென் செத்துப்போச்சு என்று எறிந்துவிடாதே, ரூஃபசாலேயே பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

எழுதுவதற்கு முன் ஐஎஸ்ஓ முழுதாக இறங்கியிருக்கிறதா பார்த்துக்கொள். இரவில் சிக்னல் விட்டுவிட்டு வருகிற ஊர் நமது. செவன் சிப் இருந்தால் ஃபைலில் ரைட் கிளிக் பண்ணி எஸ்எச்ஏ 256 என்கிற சரிபார்ப்பு எண்ணை எடுத்து, மின்ட் தளத்தில் கொடுத்திருக்கிற நீள எண்ணோடு ஒப்பிடு. ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் கெட்டது, திரும்ப இறக்க வேண்டும். இரண்டாவது தரம் கோட்டாவை வீணாக்காமல் கம்பஸ் வைஃபையில் இறக்கு.

மாரி காலம், எந்த நேரம் கரண்ட் போகும் என்று தெரியாது. பற்றரி நிறைந்திருக்கும்போதே தொடங்கு.

ரீச்சரம்மா:

தம்பிமார் ஆளுக்கு ஆள் உற்சாகமாக இருக்கிறீர்கள், ஆனால் வீட்டில் இருப்பது ஒரே லப்டொப், அதில் ஏஎல் எடுக்கிற பிள்ளை ஒன்று. இந்த நேரத்தில் டிஸ்க்கை வெட்டித்தான் ஆக வேண்டுமா? விண்டோசுக்குள்ளேயே லினக்சை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, ஹோம் எடிஷனிலும் வேலை செய்யும், உபுண்டுவை அதற்குள் போட்டு டெர்மினல் வேலை எல்லாம் பழகலாம். முதல் செமஸ்டருக்கு அது போதும். எதைச் செய்தாலும் நோட்சை முதலில் வேறொரு பென்னிலோ டிரைவிலோ கொப்பி எடுத்து வையுங்கள். மேலே இவ்வளவு நீளமாக எழுதின கல்லடிப்பாலம் அதைச் சொல்லவே இல்லை.

கல்லடிப்பாலம்:

ரீச்சர் சொல்வது சரி, பக்கப் முதல் வேலை. டபிள்யூஎஸ்எல் டெர்மினலுக்கு நல்லதுதான், ஆனால் பூட், பார்ட்டிஷன், சர்விஸ் என்று பாடம் போனால் அதில் பாதிதான் படிக்கலாம். தம்பி என்ன பாடம்?

களுவாஞ்சிகுடியான்:

ஒபரேட்டிங் சிஸ்டம்ஸ், அண்ணா. பிரக்டிக்கலில் பார்ட்டிஷனும் பூட் லோடரும் வருகிறது, அதனால்தான் நேரடியாகப் போடப் பார்க்கிறேன். ரீச்சர், நோட்ஸ் எல்லாம் கொப்பி எடுத்தாயிற்று, தங்கச்சியே பக்கத்தில் இருந்து எடுத்தாள். டிவைஸ் என்கிரிப்ஷன் ஓன் ஆகித்தான் இருந்தது, நானே அறியேன். கீ எழுதிவிட்டு ஓஃப் பண்ணி விட்டிருக்கிறேன்.

சம்மாந்துறைக் காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, ரூஃபஸ் நல்லதுதான், ஆனால் நீங்கள் கம்பஸில் படிக்கிற ஆள், நாளைக்கு உபுண்டு வேண்டும், மறுநாள் ஃபெடோரா வேண்டும் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பென்னை அழித்து எழுதத் தேவையில்லை. வென்டோய் என்று ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு தரம் பென்னில் ஏற்றினால் அதற்குப் பிறகு ஐஎஸ்ஓக்களைச் சும்மா கொப்பி பேஸ்ட் பண்ணினால் போதும், பூட் பண்ணும்போது பட்டியல் காட்டும், எது வேண்டுமோ தெரிவு செய்யலாம். மிச்ச இடத்தில் உங்கள் அசைன்மென்டையும் வைத்துக்கொள்ளலாம். செக்யூர் பூட் ஓன் ஆக இருந்தால் முதல் தரம் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட் என்று நீலத் திரை வரும், அதிலே ஓகே கொடுத்து, என்ரோல் கீ ஃப்ரொம் டிஸ்க் என்பதற்குள் போய், என்ரோல் திஸ் கீ என்று பெயர் தொடங்குகிற ஃபைலைத் தெரிவு செய்து ரீபூட் பண்ணினால் சரி. பிறகு அந்த மெஷினில் கேட்காது.

இன்னொன்று, பென் எங்கே வாங்கினது? சந்தையில் 64 என்று எழுதி மலிவாக விற்கிற பென்களில் உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், விண்டோஸ் 64 என்றே காட்டும், எழுதும்போது எரரும் வராது, எட்டுக்கு மேலே போனது எல்லாம் காற்றில் போகும். இன்ஸ்டோல் பாதியில் பென்னை வாசிக்க முடியாமல் ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் வந்து நிற்கிற கேசுகளில் இப்படிப் பென்னும் ஒரு காரணம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள் ஒன்று பென்னை முழுக்க எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம்.

களுவாஞ்சிகுடியான்:

காக்கா, நன்றி. பென்னைச் சோதித்தேன், 16ம் உண்மைதான். வென்டோயே போட்டேன், நீங்கள் சொன்ன நீலத் திரை அப்படியே வந்தது, மின்ட் இன்ஸ்டோல் பண்ணாமலே பென்னிலிருந்து லைவ் ஆக ஓடுகிறது. வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் இன்ஸ்டோல் கொடுத்தால் டிஸ்க்கே காட்டவில்லை! விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டி பட்டியலில் இல்லை, பென் மட்டும் தெரிகிறது. வெட்டி வைத்த 80 ஜிபியும் இல்லை. விண்டோசுக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது.

கல்லடிப்பாலம்:

நல்ல வேளை அதிலேயே நின்றாய், அந்தப் பட்டியலில் தெரிகிற ஒரே டிஸ்க்கான பென்னையே அழித்துப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். இது டெல்லில் வழமை. எஃப்2 அமுக்கி பயோசுக்குள் போய் சாட்டா ஒபரேஷன் என்கிற இடத்தைப் பார், ரெய்ட் ஒன் என்று இருக்கும். அந்த மோடில் இன்டெல் கன்ட்ரோலர் எஸ்எஸ்டியைத் தனக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்கிறது, லினக்சுக்குத் தெரியாது. ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும்.

ஆனால் பொறு, சும்மா மாற்றிவிட்டு வந்தால் விண்டோஸ் இன்அக்சசிபிள் பூட் டிவைஸ் என்று நீலத் திரையில் விழும், ஏஎச்சிஐ டிரைவர் தொடக்கத்தில் ஏறாததால். வழி இதுதான்: விண்டோசில் எம்எஸ்கொன்ஃபிக் திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட், மினிமலைத் தெரிவு செய்து ரீஸ்டார்ட் கொடு, விண்டோஸ் ஏறவிடாமல் எஃப்2 அமுக்கி பயோசுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கி சேவ் பண்ணு. இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் ஏறும், ஏறும்போதே புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். திரும்ப எம்எஸ்கொன்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்து ரீஸ்டார்ட். அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, சேஃப் மோடில் நாலு இலக்கப் பின் வேலை செய்யாமல் போகலாம், மைக்ரோசொஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்ட் கேட்கும். அது அயத்துப்போயிருந்தால் வெளியேயே நிற்க வேண்டியதுதான். தொடங்குமுன் ஃபோனில் லொகின் பண்ணிப் பார்த்துக்கொள்.

டிஸ்க் தெரிந்த பிறகு இன்ஸ்டோலரில் விண்டோஸ் பூட் மனேஜருக்குப் பக்கத்தில் போடு என்கிற தெரிவு வரும், அதை எடு. இரேஸ் டிஸ்க் என்பதன் பக்கமே போகாதே. சம்திங் எல்ஸ் வழியாகப் போனால், அந்த அன்அலொகேட்டட் இடத்தில் மட்டும் ஈஎக்ஸ்டி4 என்கிற லினக்ஸ் வகைப் பிரிவு ஒன்று உண்டாக்கி மவுன்ட் பொயின்டாக ஸ்லாஷ் (/) கொடு, இஎஃப்ஐ பிரிவைப் பாவிக்கச் சொல், ஃபோர்மட் டிக் மட்டும் அதில் இருக்கக் கூடாது. டிஸ்க்கின் பெயர் என்விஎம்ஈ என்று தொடங்கும், பென் எஸ்டிஏ என்று வரும். இன்ஸ்டோல் நவ் அமுக்கினதும் எந்தெந்தப் பிரிவு மாறப்போகிறது என்று ஒரு கடைசிப் பெட்டி காட்டும், அதை எழுத்தெழுத்தாக வாசி.

களுவாஞ்சிகுடியான்:

அண்ணா, முடிந்தது! பின் நம்பர் கேட்கவில்லை, நீங்கள் சொன்ன மாதிரியே பாஸ்வேர்ட்தான் கேட்டது. இப்போது ஓன் பண்ணினால் மெனு வருகிறது, மின்ட்டும் ஏறுகிறது, விண்டோசும் ஏறுகிறது. ஒரே ஒரு பிரச்சினை, விண்டோசுக்குப் போனால் மணி பிழையாகக் காட்டுகிறது. இரவு எட்டு மணிக்குப் பின்னேரம் இரண்டரை என்கிறது, தங்கச்சி சூம் வகுப்புக்குப் பிந்திப் போய் என்னைத்தான் திட்டுகிறாள்.

சம்மாந்துறைக் காக்கா:

அது நம்முடைய ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸ் மதர்போர்ட் மணிக்கூட்டை உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே ஊர் நேரம் என்று நினைத்து வாசிக்கும். மின்ட்டில் டெர்மினலைத் திறந்து டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட் லோக்கல் ஆர்டிசி என்பதை 1 ஆக்கினால் லினக்சும் ஊர் நேரத்துக்கு வந்துவிடும். பிறகு விண்டோசில் ஒரு தரம் சிங்க் நவ் கொடுங்கள்.

மறுகா, அப்டேட் போடுமுன் சொஃப்ட்வெயார் சோர்சஸில் பேஸ் மிரரை (பொதிகள் இறங்குகிற சேர்வரை) இலங்கையிலுள்ள லேர்ன் மிரருக்கு மாற்றினால் உபுண்டு பக்கப் பொதிகள் கிட்ட இருந்து வரும். தமிழ் அடிக்க வேண்டுமென்றால் ஐபஸ் எம்17என் என்கிற தட்டச்சு மென்பொருளைப் போடுங்கள், அதில் ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது, பாமினி பழகின விரலுக்கு அதுதான் கிட்ட வரும். தமிழ்99ம் இருக்கிறது.

ரீச்சரம்மா:

ரெங்கநாதன் லினக்சிலும் இருக்கிறதா? காக்கா, ஸ்கூல் லேபில் பழைய மெஷின்கள் இருக்கின்றன, 4 ஜிபி ரேம், பயோஸ் மோட் லெகசி என்று காட்டுகிறது. அவற்றுக்கு மின்ட்டின் எந்தப் பதிப்பு?

சம்மாந்துறைக் காக்கா:

எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு, ரீச்சர். வென்டோய் பென் லெகசியிலும் பூட் ஆகும், தம்பியின் பென்னையே வாங்கி அந்த ஐஎஸ்ஓவையும் உள்ளே போட்டால் போதும். அந்த மெஷின்களில் நாலு பிரைமரி பிரிவுகள் ஏற்கெனவே நிறைந்திருந்தால் ஐந்தாவது போட விடாது, டிஸ்க் மனேஜ்மென்ட்டில் எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.