மிட்நைட் ஆயிலின் ‘ரெசிஸ்ட்’: எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்த அரசியல்?

நெய்தல்:
ஆஸ்திரேலிய ராக் குழு மிட்நைட் ஆயிலின் ‘ரெசிஸ்ட்’ (2022) கேட்டுக்கொண்டிருக்கிறேன். இசை உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் டார்கைன், பார்க்கா-டார்லிங் என்று ஊரும் ஆறுமாகப் பெயர்கள் வருகின்றன, விவகாரம் என்னவென்று பிடிபடவில்லை. பழைய ஆல்பங்களில் எதைக் கேட்டுவிட்டு இதற்கு வருவது நல்லது? இன்னொரு சந்தேகம்: பாடகர் பீட்டர் காரட் மத்திய அமைச்சராகவே இருந்தவர். அவர் எதிர்ப்புப் பாட்டு பாடுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

பழைய கேசட்:
முதல் மூன்று பாட்டையும் நிறுத்தாமல் கேளுங்கள், ஆல்பத்தின் சாரம் அங்கேயே இருக்கிறது.

‘ரைசிங் சீஸ்’ கடல்மட்டம் உயர்வதைப் பற்றியது. விளையாட்டுச் சாமானை வைத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று பிள்ளைகளை அழைத்து, உங்களை மலிவாக விற்றுவிட்டோம் என்று பெரியவர்கள் ஒப்புக்கொள்வதில் பாட்டு தொடங்குகிறது. இதற்கு மேல் புள்ளிவிவரம் எதுவும் வேண்டியதில்லை.

‘தி பார்க்கா-டார்லிங் ரிவர்’ பாட்டுக்குத்தான் பின்னணி அவசியம் தெரிய வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மெனிண்டி என்ற சிற்றூர். 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் அங்கே ஆற்றில் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. நடந்தது இதுதான்: ஓட்டம் நின்ற ஆறு குட்டைகளாகத் தேங்கியது. வெயிலில் மேல்நீர் சூடாகி, அடியில் ஆக்சிஜன் இல்லாத குளிர்ந்த நீர் தனி அடுக்காக நின்றது. மேலே நீலப்பச்சைப் பாசி மண்டியது. திடீரென்று குளிர்காற்று வீசியதும் மேல்நீர் குளிர்ந்து இரண்டு அடுக்கும் கலந்தன. செத்த பாசியை மக்கவைக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிட, மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. பல பத்தாண்டு வயதான முர்ரே காட் மீன்களும் அதில் போயின. வறட்சி ஒரு காரணம். ஆனால் ஆற்றின் மேல்பகுதியில் பாசனத்துக்கு அளவுக்கு மீறி நீர் எடுத்ததும் காரணம் என்று ஆஸ்திரேலிய அறிவியல் அகாதமியின் 2019 அறிக்கை சொன்னது. அங்கே பருத்திதான் பெரிய பாசனப் பயிர். ஆல்பம் வந்த மறு வருஷமே, 2023 மார்ச்சில், அதே மெனிண்டியில் முன்னைவிடப் பெரிய அளவில் மீன்கள் செத்தன. அந்த முறை வெள்ளம் வடிந்தபோது நீரில் ஆக்சிஜன் குறைந்தது காரணம்.

‘டார்கைன்’ என்பது டாஸ்மேனியாவின் வடமேற்கு மழைக்காடு. மரம் வெட்டுவதும் சுரங்கமும்தான் அங்கே சண்டை. ரோஸ்பெரி சுரங்கத்தின் கழிவைத் தேக்க அந்தக் காட்டில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிராக மக்கள் காட்டுக்குள்ளேயே மறியல் செய்தார்கள்.

ஊர், ஆறு, காடு என்று பெயர் சொல்லிப் பாடும் பாட்டுகள் மனதில் நிற்கின்றன. ‘வி ரெசிஸ்ட்’ போல பொதுவாக அறைகூவல் விடுபவை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

டெசிபல்:
‘வி ரெசிஸ்ட்’ விஷயத்தில் உடன்பாடில்லை. அது ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து பாடுவதற்கான பாட்டு, ஹெட்போனில் தனியாகக் கேட்டு எடைபோடக் கூடாது. மற்றபடி பெயர் பற்றிச் சொன்னது சரி, இந்தக் குழுவின் பலமே அதுதான்.

பழைய ஆல்பங்களில் இரண்டு பாட்டு போதும். முதலில் 1987-இன் ‘டீசல் அண்ட் டஸ்ட்’ ஆல்பத்தில் வரும் ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’. 1986-இல் வரும்பி பேண்ட் என்ற பழங்குடி ராக் குழுவோடு பாலைவனக் குடியிருப்புகளில் சுற்றி வாசித்துவிட்டு வந்து செய்த ஆல்பம் அது. மேற்குப் பாலையிலிருந்து பப்புன்யா குடியிருப்புக்குக் கொண்டுபோகப்பட்ட பின்டுபி பழங்குடி மக்கள் 1980-களின் தொடக்கத்தில் தங்கள் பூர்வீக நிலத்தில் உள்ள கின்டோருக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் கதையான இந்தப் பாட்டில் கின்டோர், யுயெண்டுமு என்ற ஊர்கள், 45 டிகிரி வெயில், பழைய ஹோல்டன் கார் எல்லாம் வரும். நிலத்தைத் திருப்பிக் கொடு என்ற கோரிக்கை அதற்குப் பிறகுதான் வருகிறது, அதனால்தான் உறைக்கிறது.

அடுத்தது 1990-இன் ‘ப்ளூ ஸ்கை மைன்’. மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூம் ஊரில் இருந்த நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கத்தின் தொழிலாளியே பேசுகிறார். சுரங்கம் 1966-இல் மூடப்பட்டது. ஆனால் கல்நார்த் தூசியால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் தெரிய 20 முதல் 40 வருஷம்கூட ஆகும். அதற்குள் கம்பெனி கையைக் கழுவிவிடலாம். ‘அப்போது என்னைக் காப்பாற்றப்போவது யார்’ என்ற அவருடைய கேள்வியில்தான் பாட்டின் கோபம் முழுவதும் இருக்கிறது.

வாக்குச்சீட்டு:
காரட் பற்றி. 1984-இல் அணு ஆயுத ஒழிப்புக் கட்சி சார்பில் செனட்டுக்கு நின்று மயிரிழையில் தோற்றார். 2004-இல் லேபர் கட்சி எம்.பி., 2007 முதல் 2010 வரை சுற்றுச்சூழல் துறை அமைச்சர். 2009-இல் ஃபோர் மைல் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி தந்ததைப் பழைய ரசிகர்கள் பலர் இன்றும் மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானதே. அமைச்சரவையின் கூட்டு முடிவுக்குக் கட்டுப்பட்டேன் என்பது அரைப் பதில்தான்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில், பழங்குடியினரிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்த பிரதமர் ஜான் ஹோவர்டின் கண்ணெதிரே, குழு முழுவதும் ‘சாரி’ என்று எழுதிய கறுப்பு உடையில் நின்றது. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் அந்த மன்னிப்பை நாடாளுமன்றத்தில் கேட்டபோது காரட் அந்த அரசில் அமைச்சர்.

தவிர, இந்தக் குழு காரட் மட்டும் இல்லை. டிரம்மர் ராப் ஹர்ஸ்டும் கிடாரும் கீபோர்டும் வாசித்த ஜிம் மோகினியும்தான் பாட்டெழுதுவதில் பெரும்பங்கு வகித்தவர்கள்.

பழைய கேசட்:
‘தி மகரட்டா ப்ராஜெக்ட்’ (2020) விட்டுப்போகக் கூடாது. ‘ரெசிஸ்ட்’ பதிவான அதே அமர்வுகளில் பதிவானது, ஏழே தடங்கள், பழங்குடிக் கலைஞர்களோடு சேர்ந்து செய்தது. பாஸ் கிடார் வாசித்த போன்ஸ் ஹில்மன் 2020 நவம்பரில் இறந்துவிட்டார், இரண்டு ஆல்பத்திலும் ஒலிப்பது அவர் வாசிப்புதான்.

மகரட்டாவில் 2017-இன் உலுரு அறிக்கையைப் பல குரல்கள் வாசிக்கும் தடத்தைக் கட்டாயம் கேளுங்கள். பழங்குடியினருக்கு அரசியல் சாசனத்தில் ஒரு குரல் வேண்டும் என்பது அறிக்கையின் கோரிக்கை. 2023 அக்டோபர் 14 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள், ஆறு மாநிலமும் நிராகரித்தது. ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’, ‘ப்ளூ ஸ்கை மைன்’, பிறகு மகரட்டா முழுவதும், அதற்கப்புறம் ‘ரெசிஸ்ட்’ என்ற வரிசையில் போனால் எந்தப் பெயரும் அந்நியமாகத் தெரியாது.