மண்சரிவு காலத்துக்கு வோக்கிடோக்கி: லைசன்ஸ், அண்டெனா, பேச்சு ஒழுங்கு

பனிக்கூடு (அட்டன்) கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே. அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் எங்கள் தோட்டம். மேற்கணக்கு, பணியக்கணக்கு, ஸ்டோர் பக்கம் என்று மூன்று இடத்தில் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்). பெருமழையில் கரண்ட் போகும், சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் இறங்கி போன் செத்துவிடும். மேற்கணக்கு லயத்துக்கு மேலே நிலத்தில் வெடிப்பு இருக்கிறது. வாலிபர் சங்கத்தால் ஆறு பாவோஃபெங் யூவி-5ஆர் வோக்கிடோக்கி ஒன்லைனில் எடுத்து, இடத்துக்கு இரண்டாகக் கொடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. விற்கிறவர் "10 கிலோமீட்டர் போகும், லைசன்ஸ் தேவையில்லை" என்கிறார்.

மேற்கணக்கிலிருந்து ஸ்டோருக்கு நேர்தூரம் 3 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஒரு மேடு. லைசன்ஸ் உண்மையிலேயே வேண்டாமா? இந்தச் செட் மேட்டைத் தாண்டுமா? எந்த அலைவரிசையில் பேசுவது?

---

செம்புக்கம்பி:

தம்பி, முதலில் லைசன்ஸ். விற்கிறவர் சொல்வது பெட்டியில் இருப்பதைப் பார்த்து. "லைசன்ஸ் வேண்டாம்" என்பது ஐரோப்பாவின் பிஎம்ஆர்446, அமெரிக்காவின் எஃப்ஆர்எஸ் போன்ற சேவைகளுக்கு அந்தந்த நாட்டில் உள்ள விதி. அது இங்கே செல்லாது. யூவி-5ஆர் அந்த வகைச் செட்டும் இல்லை. பிஎம்ஆர்446க்கு உச்ச வரம்பு அரை வாட்ஸ், கழற்ற முடியாத அண்டெனா. இது 4, 5 வாட்ஸ் தள்ளும், அண்டெனாவையும் கழற்றலாம்.

இங்கே 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம்தான் அடிப்படை. அலை பரப்பும் கருவி எதுவானாலும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இறக்குமதிக்கும் அதே அனுமதி. இல்லாமல் பார்சல் வந்தால் சுங்கத்தில் நிற்கும். காசு கட்டியாயிற்று என்பது அங்கே ஒரு வாதமே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அமெச்சூர் (பொழுதுபோக்கு வானொலி) லைசன்ஸ் ஆளுக்குத்தான், சங்கத்துக்கோ செட்டுக்கோ அல்ல. ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் தேறி, நோவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்ற தரத்துக்கேற்ப 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவர் மட்டும்தான் பட்டனை அமுக்கலாம். ஆறு செட் என்றால் குறைந்தது ஆறு பேர் பரீட்சை எழுத வேண்டும். வகுப்புகளை இலங்கை வானொலிச் சங்கம் நடத்துகிறது. எந்தப் பட்டை, எத்தனை வாட்ஸ் என்பது தரத்தைப் பொறுத்தது. உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ளதையே பாருங்கள், நண்பனுடையதைப் பார்த்து ஓட்டாதீர்கள்.

கணக்கப்பிள்ளை, மருத்துவ உதவியாளர், சங்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பேசவேண்டும் என்றால் அமெச்சூர் உங்கள் வழியல்ல. தோட்ட நிர்வாகம் ஆணைக்குழுவில் தனியார் வானொலி வலையமைப்புக்கு விண்ணப்பித்து, ஒதுக்கித் தரும் அலைவரிசையில் வணிகச் செட்களை வைத்துக்கொள்வதுதான் முறை. அதற்குப் பரீட்சை இல்லை. துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். சங்கத்தில் ஆர்வமுள்ள இரண்டு பேர் மட்டும் அமெச்சூர் பரீட்சைக்குப் படிக்கட்டும். வெளியூரோடு தொடர்பு அவர்கள் பொறுப்பு.

---

மேட்டுநிலம் (பண்டாரவளை):

அண்ணன் சொன்னதோடு மேட்டைப் பற்றி. விஎச்எஃப் அலை, அதாவது இந்தச் செட் பேசும் 144 மெகாஹேர்ட்ஸ் பக்கத்து அலை, கண்ணுக்குத் தெரியும் வழியில் போகிற சாதி. ஹப்புத்தளை விளிம்பில் நின்றால் தெற்கே சமவெளி முழுக்கத் திறந்து கிடக்கிறது. 1,400 மீட்டர் உயரத்துக்கு ரேடியோ அடிவானம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கே 5 வாட்ஸ் செட்டும் கடற்கரை வரை பேசும். அதே செட் பள்ளத்து லயத்துக்குள் இருந்தால் அடுத்த மடுவத்துக்கே கேட்காது. விற்பவரின் 10 கிலோமீட்டர் பொய்யில்லை, உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

ஒரு மேடு குறுக்கே நின்றால் 20, 30 டெசிபெல் சும்மா போகும். 20 டெசிபெல் இழப்பு என்றால் 5 வாட்ஸ் 50 மில்லிவாட்ஸ் ஆன மாதிரி. இதை வாட்ஸைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. 5ஐ 10 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான். உயரம்தான் மருந்து. மேட்டின் உச்சி இரண்டு பக்கத்துக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கே ஓர் ஆள் நின்று செய்தியை வாங்கிக் கொடுப்பதே மலிவான ரிப்பீட்டர். ஆனால் மண் வெடித்த சரிவில் மழைநேரம் யாரையும் நிறுத்தாதீர்கள். பாதுகாப்பான மேட்டு முதுகு இல்லையென்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

செட்டோடு வரும் குட்டி ரப்பர் அண்டெனாவை நம்பவேண்டாம். கூரைக்கு மேல் கால்அலை கிரவுண்ட் பிளேன் ஒன்று செய்துகொள்ளலாம். ஒரு எஸ்ஓ-239 சாக்கெட் (அண்டெனா கேபிள் பூட்டும் சாக்கெட்), 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி மூன்று மீட்டர், ஒரு ஜீஐ பைப் அல்லது நல்ல மூங்கில். நடுவில் நிமிர்ந்த கம்பி, 145 மெகாஹேர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர். சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில் 51 சென்டிமீட்டர் கம்பி நான்கு, 45 பாகை கீழே வளைத்து. வளைக்காமல் படுக்கையாக விட்டால் மின்தடை 36 ஓம் பக்கம் இறங்கிவிடும், வளைத்தால்தான் 50ஐ ஒட்டி வரும். நடுக்கம்பியை முதலில் 52க்கு வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர் (அண்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1.0 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) மீட்டரைப் பார்த்து 3, 4 மில்லிமீட்டராகக் குறையுங்கள். 144.1இல் குறைவாகவும் 145.9இல் கூடுதலாகவும் காட்டினால் கம்பி இன்னும் நீளம். 1.5க்குக் கீழே வந்தால் போதும், 1.0க்காக உயிரை விடவேண்டாம்.

நம் ஊரில் ஆட்களை ஏமாற்றுவது கேபிள்தான். ஆர்ஜி-58 20 மீட்டர் போட்டால் 145இல் ஏறக்குறைய 4 டெசிபெல் போய்விடும். செட்டில் 5 வாட்ஸ், அண்டெனாவில் 2. ஆர்ஜி-213 என்றால் 3.4 வாட்ஸ் வரும், ஆனால் விலை வேறு. டிஷ் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 இங்கே எல்லாக் கடையிலும் உண்டு. இழப்பு ஆர்ஜி-213 அளவுதான். 75 ஓம் என்று பயப்படத் தேவையில்லை, 1.5 எஸ்.டபிள்யூ.ஆரை இந்தச் செட் தாங்கும். ஒரே தொல்லை, அதன் அலுமினியப் பின்னலில் ஈயம் பிடிக்காது. எஃப் கனெக்டர் போட்டு அடாப்டர் வழியாகத்தான் போகவேண்டும்.

பனிமூட்டமும் மழையும் மாதக்கணக்கில் நிற்கிற இடத்தில் தண்ணீர் இறங்காத கனெக்டர் அபூர்வம். சாக்கெட்டின் மேற்பக்கத்தை எபொக்ஸியால் மூடுங்கள். காடி மணக்கும் சிலிக்கோன் பூசாதீர்கள், அது செம்பை அரிக்கும். கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதா கறுப்பு டேப். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டும். இதற்குப் பிறகும் ஒரு மாரி கழித்து எஸ்.டபிள்யூ.ஆர் திடீரென்று "நன்றாக" இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். கேபிளுக்குள் தண்ணீர் போய் இழப்பு கூடியிருக்கும், திரும்பி வரும் அலையையும் அதுவே தின்றுவிடும்.

---

லைன்வாசி:

எல்லாம் சரி, ஆனால் ஆபத்து நேரத்தில் யாரும் எதையும் பயன்படுத்தலாம் என்று சர்வதேச வானொலி விதியே சொல்கிறதே? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்த லயங்களை மண் மூடியபோது அந்த மக்களிடம் லைசன்ஸா கேட்பது? செட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்தால் என்ன?

---

செம்புக்கம்பி:

விதி இருக்கிறது, 4.9. உயிராபத்தில் உள்ள நிலையம் கவனத்தை ஈர்க்கக் கையிலிருக்கும் எந்த வழியையும் பயன்படுத்துவதை விதிகள் தடுக்காது. அது ஆபத்து நேரத்துக்கு. ஆறு மாதம் அனுமதியில்லாமல் வைத்திருப்பதற்கும், ஞாயிற்றுக்கிழமை "ஹலோ ஹலோ" சொல்லிப் பார்ப்பதற்கும் அது கவசம் ஆகாது.

சட்டத்தை விடுங்கள். அலமாரியில் கிடந்த செட்டின் பேட்டரி இறங்கியிருக்கும், அலைவரிசை யாருக்கும் ஞாபகம் இருக்காது, மறுமுனையில் கேட்க ஆளும் இருக்காது. யூவி-5ஆர் 136இலிருந்து 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கு வைத்தாலும் அலை விடும். இதற்குள் பொலிஸ், கப்பல், கம்பனிகள் என்று பலரும் இருக்கிறார்கள். அமெச்சூருக்கு அதில் 144 முதல் 146. தெரியாதவர் கை தவறினால் மீட்பு வேலைக்கே இடைஞ்சல்.

மீரியபெத்தயில் மக்களுக்குத் தேவைப்பட்டது மண் இறங்குவதற்கு முன் கிடைக்கும் செய்தி. அதற்கு மழைமானி வேண்டும், பார்க்கிற ஆள் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால் வெளியேற வேண்டும். வெடிப்பு அகலமானாலோ, ஊற்றுநீர் கலங்கினாலோ மானியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். போன் உள்ளவரை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. ரேடியோ அதற்குப் பின்னால்.

---

பச்சைக்கொழுந்து (நுவரெலியா):

லைசன்ஸ் கிடைத்த பிறகு செட்டில் மாற்றவேண்டியவை, யூவி-5ஆர் மெனு இலக்கத்தோடு: 7 டிடிஆர் ஓஃப். இரண்டு சேனலையும் மாறிமாறிக் கேட்கும் வசதி இது, அவசரத்தில் தவறான சேனலில் பேசவைத்துவிடும். 4 வொக்ஸ் ஓஃப், இல்லாவிட்டால் தகரக்கூரை மழைச்சத்தமே செட்டைப் பேசவைக்கும். 9 டிஓடி 60 செக்கன், பட்டன் இறுகிக்கொண்டாலும் அலைவரிசை அடைபடாது. 23 பிசிஎல் ஓன், வேறொருவர் பேசும்போது நம் செட் குறுக்கே விழாது. 39 ரோஜர் ஓஃப். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் வரும் அந்தக் கீச்சொலி யாருக்கும் பிரயோசனமில்லை, அதைக் கேட்டாலே பழைய ஆட்களுக்கு முகம் சுளிக்கும். ரிப்பீட்டர் (செய்தியை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசுவது என்றால் 25, 26 ஷிப்டும் ஓஃப்செட்டும், 13 டோன்.

பேச்சு ஒழுங்கு. முதலில் கேளுங்கள், அரை நிமிடமாவது. பிறகு "இந்த அலைவரிசையில் யாரும் இருக்கிறீர்களா" என்று உங்கள் அழைப்புக்குறியோடு கேளுங்கள். பட்டனை அமுக்கி ஒரு செக்கன் கழித்துப் பேசத் தொடங்குங்கள், இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். கத்தினால் எஃப்எம்மில் சத்தம் கூடாது, உடையும். தமிழிலோ சிங்களத்திலோ பேசலாம், ஆனால் அழைப்புக்குறியை ஆல்ஃபா, பிராவோ முறையில் சொல்லுங்கள். ஒருவர் முடித்ததும் பாய்ந்து பிடிக்காமல் இரண்டு செக்கன் விடுங்கள். அவசரச் செய்தியோடு காத்திருப்பவர் நுழைவது அந்த இடைவெளியில்தான். வியாபாரம், பாட்டு, இரகசியக் குறியீடு மூன்றும் கூடாது. அரசியலும் சமயமும் எழுத்து விதிக்கு முன்பே பழக்கத்தால் ஒதுக்கப்பட்டவை. தேர்தல் காலத்தில் இதைத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தவேண்டியிருக்கிறது.

நெட் (பலர் ஒரே அலைவரிசையில் ஒருவர் நடத்தக் கூடிப் பேசுவது) நடக்கும்போது நடத்துபவர் கூப்பிட்டால்தான் பேச்சு. அனர்த்தச் செய்தி என்றால் எழுதிவைத்துப் படியுங்கள்: எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன தேவை, எத்தனை மணிக்குக் கண்டது. எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். ஆறும் நூறும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். கேட்டவர் அப்படியே திரும்பப் படித்தால்தான் செய்தி போய்ச்சேர்ந்ததாகக் கணக்கு. "விளங்கியது" என்பது பதில் அல்ல. நேரடியாகப் பார்த்ததையும் யாரோ சொன்னதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

கொழும்போடு பேச விஎச்எஃப்பை நம்பவேண்டாம், எச்எஃப் (3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான குறுஅலை) வேண்டும். 7.1 மெகாஹேர்ட்ஸ் டைபோல் (நடுவில் கேபிள் பூட்டி இருபுறமும் இழுக்கும் கம்பி அண்டெனா) மொத்தம் 20.1 மீட்டர், நடுவை 6 மீட்டருக்கு மேல் தூக்காதீர்கள். தாழ்ந்த டைபோல் அலையை நேரே மேலே அனுப்பும், அது அயனமண்டலத்தில் பட்டு மழைபோலத் தீவு முழுக்க இறங்கும். மலை குறுக்கே நிற்கிற பேச்சே இல்லை. பகலில் 40 மீட்டர் பட்டை (இந்த 7 மெகாஹேர்ட்ஸ்தான்), செட்டில் எல்எஸ்பி என்ற பேச்சு முறை. இரவில் அது கைவிட்டால் 80 மீட்டர் பட்டை (3.6 மெகாஹேர்ட்ஸ் பக்கம்), அதற்கு 39.7 மீட்டர் கம்பி. ஆசிய பசிபிக் வலயத்தின் அவசர மைய அலைவரிசைகளில் 3.600, 7.110 மெகாஹேர்ட்ஸ் இரண்டையும் எழுதிவையுங்கள். 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி போனது அமெச்சூர்களின் எச்எஃப்பில்தான்.

---

பனிக்கூடு (அட்டன்):

அண்ணே, நிறையத் தெளிந்தது. ஆறு செட் யோசனையைச் சங்கத்தில் நிறுத்திவைக்கிறோம். துரைக்குக் கடிதம் எழுதுகிறோம், நானும் இன்னொருவரும் பரீட்சைக்குப் படிக்கிறோம். இரண்டு கேள்வி மட்டும் மிச்சம். கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடும்? இடிக்கு என்ன செய்வது?

---

மேட்டுநிலம் (பண்டாரவளை):

வாகன வகை விஎச்எஃப் செட் கேட்கும்போது அரை அம்பியர், 10 வாட்ஸில் பேசும்போது மூன்றரை அம்பியர் எடுக்கும் என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் சராசரி 0.8. யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆகவே நாலு மணி நேரம் சொச்சம். ஒவ்வொரு மணிக்கும் முதல் பத்து நிமிடம் மட்டும் செட்டைப் போடுவது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டால் அதே பேட்டரி ஒரு முழு நாள் வரும். சோலார் தகடு மழைமூட்டத்தில் பேருக்குத்தான். மலிவான சார்ஜ் கொன்ட்ரோலர் எச்எஃப்பில் இரைச்சலும் கிளப்பும், பேசும்போது தகட்டைக் கழற்றிவிடுங்கள்.

இடி நம் பக்கம் மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரங்களில் மோசம். முதல் முழக்கத்துக்கே கேபிளைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். செட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் கழற்றியும் பயனில்லை. பைப்பை அடியில் தடித்த செம்புக் கம்பியால் நிலக்கம்பியோடு சேர்க்கவேண்டும். பாறை நிலத்தில் ஒரு கம்பி போதாது. ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து இரண்டு மூன்று அடித்து ஒன்றோடொன்று இணையுங்கள். தண்ணீர்க் குழாயில் கட்டும் பழைய பழக்கம் வேண்டாம், இப்போது பாதிக்குமேல் பிவிசி. மின்கம்பி மேலே போகிற பக்கம் அண்டெனாவை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பைப் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம், அதாவது பைப்பின் முழு உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளியாவது இருக்கட்டும்.